ஸ்பெயின் கிஷாந்தின் காப்பு

பாலத்தடித் தோட்டத்துக்கு வந்து கிஷாந்த் என்று கேட்டால் கையை விரிப்பார்கள். ஸ்பெயின் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட எட்டாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளைக் காட்டும். மஸ்கெலியாவில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர்கள் மத்தியிலும் அதே பெயர்தான். அவன் வண்டியின் பின் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் அதைத்தான் ஒட்டி வைத்திருக்கிறான். ஸ்பெயின் நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது. கட்டுநாயக்க விமான நிலையத்தைக்கூட ஊர்க்காரர்களை வழியனுப்பப் போய் வாசலோடு பார்த்ததுதான்.

அந்தப் பெயரை வைத்தவன் நான். இப்போது ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். ஒரு காலத்தில் தோட்டத்து உதைபந்தாட்ட அணியின் கோல் காப்பாளனாக இருந்தேன். நல்ல கோல் காப்பாளன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. ஆனால் கோல் கம்பத்துக்குக் கீழே வேலையில்லாமல் நிற்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. மொத்த ஆட்டமும் அவன் கண்ணுக்கு முன்னால் நடக்கும். கிஷாந்த் நடுவில் ஆடியதை என் அளவுக்குப் பார்த்தவன் வேறு யாரும் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

எங்கள் மைதானத்தை மைதானம் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் யாரோ மலையைக் கொஞ்சம் செதுக்கிவிட்டுப் பாதியில் சலித்துப் போய் விட்டுவிட்ட இடம். மேல் பக்கத்தில் பந்தை வைத்தால் தானாகவே உருண்டு கீழ்ப் பக்கம் போகும். கீழே தேயிலை, அதற்கும் கீழே ஓடை. பந்து தேயிலைக்குள் இறங்கிவிட்டால் கடைசியாக உதைத்தவன் எவனோ அவனே போய் எடுத்து வர வேண்டும். நடுவர் இல்லாமலே நாங்கள் எல்லோரும் மதித்த ஒரே சட்டம் அது. மழை விட்ட மறுநாள் அங்கே இறங்கினால் அட்டை தொடை வரைக்கும் ஏறிவிடும்.

கிஷாந்துக்கு அட்டை என்றால் உயிரே போய்விடும். அவன் அம்மா வீரம்மா நாள் முழுக்க அந்தத் தேயிலைக்குள் நின்று கொழுந்து பறிக்கிறவள். அவள் பிள்ளைக்கு அட்டைப் பயம் என்று லயமே சிரித்தது. அந்தப் பயத்தில்தான் அவன் பந்தைத் தூக்கி அடிக்க மாட்டான். காலுக்கடியில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்து, பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தரையோடு தட்டிக் கொடுப்பான். கொடுத்ததும் இரண்டு எட்டு நகர்ந்து நின்று திரும்ப வாங்கிக்கொள்வான். அவனை அவசரப்படுத்த யாராலும் முடியாது. எதிரணிக்காரன் பாய்ந்து வரும்போது அவன் இடுப்பை ஒரு பக்கம் திருப்புவான், வந்தவன் தேயிலைப் பக்கம் போய் விழுவான், பந்து இந்தப் பக்கம் இருக்கும்.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு உலகக் கிண்ணத்தைத் தோட்டத்துக் கிளப்பில் ஒரே தொலைக்காட்சியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம். சிவப்புச் சட்டைக்காரர்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றிக் கொடுத்து எதிராளியைக் களைக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எனக்கு அது பழைய காட்சியாகத்தான் தெரிந்தது. "அங்கயும் அட்டக் கடி ஜாஸ்தி போலருக்கே" என்றேன். கிளப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து கிஷாந்த் ஸ்பெயின் ஆகிவிட்டான். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. பெயர் பிடித்திருந்தது என்று வாய் திறந்து சொல்லவில்லை. அடுத்த வாரம் எங்கிருந்தோ ஒரு சிவப்புச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தான்.

நடுவில் ஆடுகிறவனுக்கு எங்கள் பக்கம் நன்றி கிடையாது. ஒலிபெருக்கிக்காரனுக்குக் கோல் அடித்தவன் பெயர் மட்டும்தான் தெரியும். சாமிமலைப் பக்கம் ஒரு போட்டியில் நாங்கள் போட்ட மூன்று கோலுக்கும் பந்தைக் கொண்டுபோய்க் காலடியில் வைத்தவன் கிஷாந்த். பரிசாகக் கிடைத்த சேவலைச் சமைத்த அன்று கோல் அடித்தவனுக்குத் தொடை போனது, இவன் தட்டில் கழுத்து விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் பேசாமல் கழுத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கேட்டு வாங்குகிற பழக்கம் அவனுக்குக் கடைசி வரை வரவில்லை. இந்தக் கதையே அதுதான்.

அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். வீட்டில் வீரம்மாவும் அவனும் மட்டும். அக்கா சுலக்ஷனாவை அதே தோட்டத்தில் மேல் லயத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இரண்டாம் முறை டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு வந்தபோது வீரம்மா நேராகக் காமன் கூத்து ஆடுகிற காமன் பொட்டலுக்குப் போய் மண்ணைத் தொட்டு வேண்டிக்கொண்டாள். மகள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்க வேண்டும், அதற்காக மகன் மூன்று வருடம் காமன் வேஷம் கட்டுவான் என்பது அவளுடைய நேர்த்தி. யாரையும் கேட்டு அவள் வேண்டிக்கொள்ளவில்லை. கிஷாந்தும் மறுக்கவில்லை.

மாசி மாதத்தில் எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். தவத்தைக் கலைத்ததற்காகச் சிவன் மன்மதனை எரித்ததும், ரதி அழுது கேட்டதால் மூன்றாம் நாள் அவனை எழுப்பியதும்தான் கதை. காமன் கம்பு ஊன்றுகிற அன்று மன்மதனுக்கும் ரதிக்கும் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டுவார்கள். கட்டியதிலிருந்து காமனை எழுப்புகிற வரைக்கும் அவர்கள் கறி மீன் தொடக் கூடாது, இழவு வீட்டுப் பக்கம் போகக் கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டவே கூடாது. எங்களுக்கு எல்லை கீழே ஓடையின் மேல் இருக்கிற இரும்புப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் காப்புக் கையோடு கால் வைத்தவன் வீட்டுக்கு ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். யார் சொல்லித் தெரிந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

இரண்டு வருடம் கட்டினான். கால் பழகிய பந்தாட்டக்காரன் என்பதால் அடவு சீக்கிரம் வந்தது. கூத்து மாஸ்டர் பழனியாண்டி பறைக்காரர்களைப் பார்த்து, இந்தப் பயலுக்கு அடியைக் கூட்டிக் கொடுங்கள் என்று சொல்லுமளவுக்கு ஆடினான். மூன்றாம் வருடம் வருவதற்குள் சுலக்ஷனா மறுபடி உண்டாகியிருந்தாள். வீரம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்குப் போனாள்.

அதே நேரத்தில்தான் கொழும்பும் அவனைத் தேடி வந்தது. ஹட்டனில் ஒரு பெரிய போட்டி. அங்கே ஒரு பாடசாலையில் விளையாட்டு ஆசிரியராக இருந்த பரமலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், தனக்குத் தெரிந்த சிங்களப் பயிற்சியாளர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். கொழும்பில் முதல் பிரிவில் ஆடுகிற ஒரு கழகத்தின் பயிற்சியாளர் அவர். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருவரும் வந்து நின்றதால் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது. பரமலிங்கம் சிங்களத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு, போதவில்லை என்பதுபோல் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "உவன் பந்துக்குப் பின்னால ஓடுறேல்லை, கண்டனியோ? பந்துதான் உவனைத் தேடி வருது."

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் கிஷாந்தைக் கூப்பிட்டு வயதைக் கேட்டார். குனிந்து அவன் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு, ஆள் எடுக்கும்போது கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஹட்டனிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கிஷாந்த் சிரிப்பை அடக்கத் தெரியாமல் வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். தைப்பொங்கலுக்குப் பிறகு பரமலிங்கம் மாற்றலாகி யாழ்ப்பாணம் போய்விட்டார். அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் அப்படித்தான் நினைத்தோம்.

சத்தம் வந்தது. மாசியில் வந்தது, காப்புக் கட்டி ஒரு வாரம் ஆன பிறகு. இந்த வருடம்தான் இது எனக்குத் தெரிய வந்தது, மீதியைப் பிறகு அவனிடமே கேட்டறிந்தேன். அன்றைக்கு அவன் கூத்துக்கு வில் செய்ய மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தானாம். பயிற்சியாளர் சிங்களத்தில் பேசினார். சனிக்கிழமை காலை பந்தாட்டச் சப்பாத்தோடு மைதானத்துக்கு வந்துவிடு, கழகத்துத் தலைவர் பார்க்க வருகிறார், நடுவில் ஆட இரண்டு பேர் வேண்டும், ஒருவன் நீதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். சனிக்கிழமை என்றால் காமனை எரிப்பதற்கு முந்தின வாரம். கையில் காப்பு. அக்கா வயிற்றில் ஐந்து மாதம்.

காப்புக் கட்டியிருக்கிறது, பாலம் தாண்ட முடியாது என்பதைச் சிங்களத்தில் ஒரு கொழும்புக்காரருக்கு எப்படிச் சொல்வது? தமிழில் சொன்னாலும் அவருக்கு விளங்கியிருக்காது. கிஷாந்த் "உண, சேர்" என்றான். காய்ச்சல் என்று பொய். அவர் சுகமானதும் வா, பார்ப்போம் என்று வைத்துவிட்டார்.

அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் அவள் நேர்த்தியைக் குறை சொன்ன மாதிரி ஆகும். அக்காவிடம் சொன்னால் வயிற்றுப் பிள்ளைக்காரி மனம் நோகும். பழனியாண்டி மாஸ்டரிடம் கேட்டால், காப்போடு எல்லை தாண்ட நினைத்ததே குற்றம் என்பார். நினைத்ததற்கே தண்டனை வந்து அது அக்கா வயிற்றில் விழுந்தால்? மூன்றாவதும் தங்காமல் போய், அன்றைக்குத் தான் கொழும்பில் பந்து விளையாடிக்கொண்டிருந்தால், அதற்குப் பிறகு எந்த முகத்தோடு ஊருக்குள் வருவது? இப்படித் தானே கேட்டுத் தானே பதில் சொல்லி முடித்துக்கொண்டான். அந்தச் சனிக்கிழமை காலையில் மட்டும் பாலம் வரைக்கும் இறங்கிப் போனான். அந்தப் பக்கத்தில் ஹட்டன் பஸ் வந்து நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது. பார்த்துவிட்டு ஏறி வந்தான்.

அந்த வருடம் அவன் ஆடிய ஆட்டத்தை இன்றைக்கும் தோட்டத்தில் சொல்வார்கள். எரிந்து விழுகிற இடத்தில் அவன் விழுந்த விழுகையைப் பார்த்துப் பெண்கள் நிஜமாகவே அழுதார்கள். நானும் கைதட்டினேன்.

காப்பு அவிழ்த்த கையோடு கொழும்புக்குப் போனான். பயிற்சியாளர் நல்ல மனிதர்தான், உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். இரண்டு இடமும் நிரம்பிவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருடம் அவர் மாலைதீவுக்கு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்குக் கிஷாந்தைத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கிஷாந்த் ஊர் திரும்ப வெட்கப்பட்டுக் கொழும்பிலேயே புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைப் பையன்களோடு கட்டாந்தரையில் விளையாடினான். அப்படி ஒரு ஞாயிறு, பெயர் தெரியாத ஒருவன் காலை வாரிவிட்டதில் வலது முழங்கால் போனது. ஒரு நல்ல புல்தரையில், விசிலோடு நடுவர் நிற்கிற ஆட்டத்தில் போயிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். நொண்டிக்கொண்டு ஊருக்கு வந்தான். இரண்டு வருடம் கழித்துத் தவணைக்கு முச்சக்கரவண்டி எடுத்தான்.

எங்களைக் கேட்டால் கொழும்புக்காரன் கூப்பிடவே இல்லை, இவனாகப் போய் நின்றபோதும் துரத்திவிட்டான். இதுதான் பாலத்தடியின் வரலாறு. அதை அதிகம் பரப்பியவன் நான். மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடமும் தேநீர்க்கடையிலும் பஸ்ஸிலும் திட்டுவேன். தோட்டத்துப் பையன் என்றால் அவர்களுக்கு இளக்காரம், நம் பிள்ளைகள் கொழுந்துக் கூடைக்கும் கடைக் கூலிக்கும்தான் பிறந்தவர்கள் என்று நினைப்பு என்பேன். அப்படி நடப்பதும் உண்டுதானே, அதனால் யாரும் மறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கிஷாந்தும் மறுக்கவில்லை. தேநீரை ஊதிக் குடித்தபடி, "விடுங்கண்ணே, பழைய கத" என்பான். அந்தக் கோபத்தை நான் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் பத்திரமாக வளர்த்தேன். இப்போது அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சுலக்ஷனாவுக்கு அந்த ஆடியில் பெண் பிள்ளை பிறந்தது. நிலக்ஷி. கிஷாந்த் அந்தப் பிள்ளைமேல் வைத்திருக்கிற பிரியம் கொஞ்சம் அளவுக்கு மீறியது என்று எல்லோரும் கவனித்திருக்கிறோம். அவன் கல்யாணம் முடித்து, சொந்தமாக ஒரு பையன் பிறந்த பிறகும் அது குறையவில்லை. காலையில் முதல் சவாரி அவளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதுதான், வேறு யார் கூப்பிட்டாலும் போக மாட்டான். புலமைப்பரிசில் பரீட்சையில் அவள் சித்தியடைந்த அன்று கடைக்கு வந்து எனக்கு ஒரு லட்டு கொடுத்தான். "பாத்தீங்களாண்ணே, வீண் போகல" என்றான். என்ன வீண் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. மாமன்காரனின் பெருமை என்று நினைத்து லட்டைத் தின்றேன்.

இந்த வருட மாசியில் மன்மதனாகக் காப்புக் கட்டிக்கொண்டவன் மதுரன். நாலாம் நம்பர் லயத்து ராசம்மாவின் மகன், இருபத்து மூன்று வயது. தன் வயிற்று வலி தீர வேண்டி அவள் நேர்ந்துகொண்டது. காப்புக் கட்டிய நாலாம் நாள், கட்டாரில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற வேலைக்கு விசா வந்துவிட்டது, திங்கட்கிழமை விமானம் என்று ஏஜென்சிக்காரன் தொலைபேசியில் சொன்னான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் இருக்கிறது. மதுரன் ஒரு மணித்தியாலம்கூட யோசிக்கவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு நேராகப் பழனியாண்டி மாஸ்டர் வீட்டுக்குப் போய், கயிற்றை என்ன செய்யலாம் என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு. நானும் பொட்டலில் இருந்தேன். எங்கள் காமன் பொட்டல் என்பது மைதானத்தின் மேல் மூலைதான். கூத்து நடக்கிற நாட்களில் அங்கே பந்து உருளாது. காமன் கம்புக்கு முன்னால் ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, சூடம். வீரம்மா தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காமன் காரியம் என்றால் அவள் இல்லாமல் நடக்காது. கிஷாந்த் தன் வண்டியில் மதுரனின் பெட்டியைக் கொண்டுபோய் மஸ்கெலியாவில் வேன் ஏற்றிவிட வந்திருந்தான்.

பழனியாண்டி ராசம்மாவைப் பார்த்து, நேர்ந்துகொண்டவள் நீ, உனக்குச் சம்மதமா என்று கேட்டார். அவள் சம்மதம் என்றாள். தேங்காயை உடைத்தார். சூடத்தைக் காட்டினார். மதுரனின் மணிக்கட்டிலிருந்து காப்பை அவிழ்த்துக் கம்பின் அடியில் வைத்தார். அவ்வளவுதான். தேநீர் ஆறுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. காப்பு வெறுமனே கிடக்கக் கூடாது, ஏற்கனவே வேஷம் கட்டிய யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிச் சுற்றிலும் பார்த்தார். பார்வை கிஷாந்திடம் வந்து நின்றது.

"ஸ்பெயினு, நீ கட்டிக்கிறியா? அடவெல்லாம் ஒனக்கு மறந்துருக்காதே. முழங்காலுக்கு ஏத்த மாதிரி மெதுவா ஆடிக்கலாம்."

கிஷாந்த் மதுரனின் வெறும் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு இருந்த இடத்தில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது.

"மாஸ்டர், இப்பிடி மாத்திக் கட்டுறது எப்ப இருந்து?"

"எங்கப்பா காலத்துல இருந்தே உள்ளதுதான். இழவு விழுந்தா, ஆஸ்பத்திரின்னா, மாத்திக் கட்டுவோம். நேந்துக்கிட்ட ஆளு சரின்னா போதும். சாமி என்ன, ஆளப் புடிச்சி கட்டியா வச்சிருக்கு?"

"அப்ப நான் கட்டுன வருசம்?"

"நீ கேட்டுருந்தாலும் அவுத்துருப்போம். நீ எங்க கேட்ட?" பழனியாண்டி சிரித்துக்கொண்டே கயிற்றை எடுத்து மஞ்சளில் தோய்த்துக்கொண்டிருந்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அந்த மனிதருக்குத் தெரியாது.

வீரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தாம்பாளத்தைத் தரையில் வைத்தாள். "ஒனக்கு எதுக்கு அவுக்க வேண்டி வந்துச்சு?" என்று கேட்டாள். அவன் ஒன்றுமில்லை என்றான். அவள் விடவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, அவன் மூங்கில் வெட்டிய நாளையும் தொலைபேசியையும் காய்ச்சல் என்று சொன்ன பொய்யையும் சொன்னான். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோல் நாலைந்து வாக்கியத்தில் முடித்துவிட்டான். கடைசியில், "அக்கா வயித்துல ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்துட்டேம்மா" என்றான்.

சுலக்ஷனா அங்கே இல்லை, நல்ல வேளை. எனக்கு அந்த லட்டு ஞாபகம் வந்தது. வீண் போகவில்லை என்று அவன் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. காலைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிவிட்டதாக இத்தனை வருடம் நம்பியிருக்கிறான். இடமில்லை என்ற கழகத்தையும், துணிக்கடையையும், முழங்காலையும் அந்த ஒரு கணக்கை வைத்துத்தான் தாங்கியிருக்கிறான். இப்போது பார்த்தால் அப்படி ஒரு பேரமே நடக்கவில்லை. ஒரு தேங்காயும் ஒரு வார்த்தையும் இருந்திருந்தால் பிள்ளையும் பிறந்திருக்கும், அவனும் பாலத்தைத் தாண்டியிருப்பான். எனக்கு அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத அழுகை.

வீரம்மா அழவில்லை. மகனின் கையைப் பிடித்து, கயிறு கட்டுகிற இடத்தைக் கட்டை விரலால் தடவினாள். தேயிலைக் கறை ஏறிய விரல்.

"வாயத் தொறந்து எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாமேப்பா. மாஸ்டரு அவுக்காட்டியும் நானே பல்லால கடிச்சி அவுத்து விட்டுருப்பேனே."

பழனியாண்டி கயிற்றைப் பிடித்தபடி நின்றார், கட்டலாமா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. வேறு ஆளைப் பார்ப்போம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மதுரன் குற்றம் செய்தவனைப்போல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். கிஷாந்த்தான் கையை அம்மாவிடமிருந்து மெதுவாக விடுவித்து மாஸ்டர் முன்னால் நீட்டினான். "கட்டுங்க மாஸ்டர். அவனுக்கு வேன் போயிரும்" என்றான். கட்டினார். யாரும் குலவை போடவில்லை.

காப்புக் கட்டியவன் மஸ்கெலியாவுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போக முடியாது. மேல் லயத்துப் பையன் ஒருவனிடம் சாவியைக் கொடுத்து, வண்டியைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னான். மதுரனின் பெட்டியைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் இழுத்தபடி இறங்கினான். நானும் மதுரனும் பின்னால் போனோம். வழியில் கட்டாரில் இந்த மாதம் வெயில் எப்படி இருக்கும் என்று மதுரனிடம் கேட்டுக்கொண்டே போனான். அங்கே பந்து விளையாட நல்ல மைதானம் இருக்குமாம், கடைப் பையன்களோடு கட்டாந்தரையில் விளையாடாதே என்று சொன்னான்.

பாலத்தடிக்கு வந்ததும் பெட்டியை இறக்கி மதுரனின் கையில் கொடுத்தான். அவன் தாண்டிப் போய் வண்டியில் ஏறிக் கையசைத்தான். பின் கண்ணாடியில் ஸ்பெயின் என்ற சிவப்பு எழுத்து வளைவில் திரும்பும் வரைக்கும் தெரிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். கிஷாந்த் மஞ்சள் கயிறு கட்டிய கையால் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே நின்றான்.